உறவுமுறை

மூன்று பிரதி கேட்டார்.
ஆதார் முன்னும் பின்னும், ஓ.பி. சீட்டு,
அப்புறம் ஒரு மஞ்சள் தாள்.
கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும்போது
படித்துத் தொலைத்துவிட்டேன்.

படிக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன்.
காந்தி ரோட்டில், ஆஸ்பத்திரிக்கு எதிரே,
பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் எடுக்கிறவனுக்கு
அது இல்லாவிட்டால் சோறு இறங்காது.
யாருக்குக் கட்டி, எத்தனை சென்டிமீட்டர்,
யார் ஈரலுக்கு எத்தனை மாதம் கெடு,
எல்லாம் என் கண்ணாடியில் குப்புறப் படுத்து
வெளிச்சம் ஒருமுறை ஓடியதும் எழுந்து போகும்.
பக்கம் இரண்டு ரூபாய்.
வடக்கத்தி முகம் என்றால் மூன்று.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூமா மஹதோ. ஒன்பது வயது. புருலியா.
ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட்.
வெள்ளிக்கிழமைக்குள்.
அன்றைக்குப் புதன்.

"உங்களுது என்ன குரூப்?" என்று
அவருக்குத் தெரிந்த இந்தியில்
எனக்குத் தெரிந்த அளவுக்குக் கேட்டார்.
"பி பாசிட்டிவ்."
வாய் தானாகச் சொன்னது,
சில்லறை இல்லை என்று சொல்கிற அதே வாய்.
பர்சில், படவேட்டம்மன் படத்துக்குப் பின்னால்,
காலேஜ் முகாமில் கொடுத்த அட்டை
ஓ நெகட்டிவ் என்று பழுப்பேறிக் கிடந்தது.

தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார்.
பிறகு செருப்புக்கடை. பிறகு லாட்ஜ் வாசல்.
கையில் நான் எடுத்துக் கொடுத்த பிரதி.
அதில் சூடுகூட ஆறியிருக்காது.

ராத்திரி சத்துவாச்சாரியில் கரண்ட் இருந்தது,
மின்விசிறி சுற்றியது, தூக்கம்தான் இல்லை.
இத்தனை ஜனத்தில் ஓ நெகட்டிவ் நான் ஒருத்தனா?
இன்றைக்கு ஒருவருக்குக் கொடுத்தால்
நாளைக்குக் காட்பாடி ஸ்டேஷன்வரை வரிசை நிற்காதா?
கோட்டையில் ராசா இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை,
இந்த ஊர்க்காரனிடம் மட்டும்
என்ன இருக்கும் என்று வருகிறார்கள்?
"என்ன, புரண்டுக்கிட்டே இருக்கே?" என்றாள் சுலோச்சனா.
"வெயில்."
"மணி ரெண்டு" என்றாள்.

வியாழக்கிழமை கடையைக் கோதண்டனிடம் விட்டுவிட்டு
ரோட்டைத் தாண்டினேன்.
நாற்பது அடி இருக்கும்.
பில் புத்தகம் கொடுக்கப் போனதைத் தவிர
அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்ததில்லை.

அங்கேயும் ஒரு தாள்.
பெயர்: தனகோட்டி. வயது: நாற்பத்தொன்று.
நோயாளிக்கு என்ன உறவு?
கோடு போட்டேன்.
"கோடு போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது சார்,
ஏதாச்சும் எழுதுங்க" என்றது அந்தப் பெண்.
மாமா என்று எழுதலாம். யார் கேட்கப் போகிறார்கள்?
பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
'எதிர்க்கடை' என்று எழுதினேன்.
அவள் படித்தாள். சிரிக்கவில்லை.
முத்திரை குத்தினாள்.

ஊசி இறங்கும்போது புண்ணியம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.
அந்த மூன்றாவது ரூபாய்தான்
பதினாறு வருஷத்துக்குச் சேர்ந்து கனத்தது.
பழச்சாறு கொடுத்தார்கள். குடித்தேன்.

சாயங்காலம் மறுபடி வந்தார்.
ஒன்று கிடைத்துவிட்டதாம்,
யார் என்று சொல்லமாட்டேன் என்கிறார்களாம்.
இன்னும் ஒன்று வேண்டும்,
பத்துப் பிரதி போடச் சொன்னார்.
முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை
சட்டைக்கையை இறக்கி மறைத்துக்கொண்டேன்.
முப்பது ரூபாய் நீட்டினார்.
பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
தப்பாக எண்ணிவிட்டேனோ என்று
எனக்காக அவர் மறுபடி எண்ணினார்.

பதினொன்றாவது ஒன்று எடுத்தேன்.
அவர் போனபிறகு
கல்லாவுக்கு மேலே, காசு நீட்டுகிற கை
தொடாமல் தாண்ட முடியாத இடத்தில்
நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டினேன்.

வெள்ளி, நாளைக்கு.
வருகிறவர்கள்
படித்துத் தொலைக்கட்டும்.